அவனுக்கு மட்டும் வந்தாள்

கண் விழித்தபோது மேலே எல்லாம் வெள்ளையாக இருந்தது. பனி. முதுகுக்குக் கீழே ஈர மண். யாரோ முகத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மூக்கில் ஏறி இருமினேன்.

"உசுரு இருக்கு, இவனுக்கும் உசுரு இருக்கு," என்றாள் ஒரு பொம்பளை.

தலையைத் திருப்பினேன். தலைக்குள் சம்மட்டி விழுந்தது. பக்கத்தில் செல்லதுரை மல்லாந்து கிடந்தான். முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனும் கண்ணைத் திறந்தான். என்னைத் தேடினான். பார்த்ததும் சிரித்தான்.

"அண்ணே, மதினி வந்தாக."

மதினி என்றால் அவன் ஊர்ப் பேச்சில் அண்ணன் பெண்டாட்டி. அதாவது என் பெண்டாட்டி நாகு. அவள் செத்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

புகை வராத கரி

இந்தத் தொடரில் போன வாரம், பவுண்டரியில் வேலைக்குச் சேர்ந்ததை எழுதியிருந்தேன். இந்த வாரம் செத்துப் பிழைத்ததை எழுதுகிறேன். செல்போன் சூப்பர்வைசர் இடுப்பில் மட்டும் இருந்த காலம் அது.

ஓசூர் மார்கழி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. காலை ஒன்பது மணி வரை பனி விலகாது. எதிரே வருவது லாரி என்று ஹாரன் அடித்தால்தான் தெரியும். பவுண்டரிக்குள் இரும்பு உருகுகிற சூடு. கேட்டைத் தாண்டினால் பல் தந்தியடிக்கும். வேர்த்த சட்டை முதுகில் ஐஸ் மாதிரி ஒட்டும்.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. காலி பெயின்ட் தின்னர் டின் ஒன்றை எடுத்து, சுற்றிலும் ஆணியால் ஓட்டை போட்டு, கம்பியில் பிடி வைப்போம். உலைப் பக்கமிருந்து சிவந்த கோக் கரியை அள்ளி அதில் போட்டால் இரண்டு மணி நேரம் குளிர் காயலாம். கோக் என்றால் உலைக்குப் போடுகிற சுட்ட நிலக்கரி. விறகு போலப் புகையாது. கண் எரியாது. அதில் எங்களுக்கு ஒரு பெருமை. விறகில் குளிர் காய்கிறவன் காட்டுக்காரன், கோக்கில் குளிர் காய்கிறவன் கம்பெனிக்காரன்.

ஆனால் எப்போதும் வெளியில்தான் காய்வோம். சைக்கிள் ஸ்டாண்டில், இல்லாவிட்டால் கேட் பக்கம். ஏன் வெளியில் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அன்று நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வெளியே வந்தால், சானமாவு ரோட்டில் யானை நிற்கிறது, பஸ் விடமாட்டார்கள் என்றார்கள். என் வீடு அந்தப் பக்கம்.

"ரூமுக்கு வாங்கண்ணே. படுத்து எந்திரிச்சு மத்தியானமாப் போவீகளாம்," என்றான் செல்லதுரை.

கம்பெனிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி அவன் ரூம். ஒரு கதவு, ஒரு ஜன்னல். டின்னைத் தூக்கிக்கொண்டு போனது நான். இதை ஒளிக்கக் கூடாது. அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான்.

"உள்ள வச்சா புகை கட்டிக்கிருமேண்ணே?"

"கோக்குல எங்கடா புகை? ஜன்னல சாத்து. குளுருது."

ஜன்னல் கதவு சரியாகச் சேராது. சந்தில் கோணிப்பையைத் திணித்தது நான். கதவுக்குக் கீழே அவன் லுங்கியைச் சுருட்டி அடைத்ததும் நான். பதினோரு வருஷம் உலையோடு இருந்தவன் நான். அவன் வந்து மூன்று வருஷம். நான் சொன்னால் கேட்டுக்கொள்வான்.

எங்களைக் காப்பாற்றியது வீட்டுக்கார அம்மா, கௌரம்மா. அந்தத் தெருவில் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர் வரும். வந்தால் எல்லோரும் அவரவர் ட்ரம்மை நிரப்ப வேண்டும். அன்று தண்ணீர் வந்தது. அவள் பிறகு சொன்னாள்.

"மூணு தபா கூப்ட்டேன். பேச்சே இல்ல. குடிச்சிட்டு பட்த்துக்கினானுங்கன்னு நெனச்சேன். ட்ரம்மு ரொம்பலன்னா நாளைக்கு எங்கிட்டதானே வந்து நிப்பானுங்க. அந்த கோவத்துல ஜன்னல ஒரு இடி இடிச்சேன். கோணி உள்ள வுழுந்துச்சு. பாத்தா ரெண்டு பேரும் கட்ட மாதிரி. தேவுடா, என் வூட்ல ரெண்டு பொணம்னு ஆயிப்போச்சு."

குழாயடியில் நின்ற பொம்பளைகள்தான் கதவை முட்டித் திறந்து எங்களை இழுத்து வெளியே போட்டார்கள். இழுத்ததில் என் முதுகுத் தோல் உரிந்திருந்தது. அதுகூட எனக்குத் தெரியவில்லை.

களி தின்னத் தெரியாதவன்

செல்லதுரை விருதுநகர்ப் பக்கம். ஐ.டி.ஐ. படித்தவன். வந்து இரண்டாம் வருஷமே பர்மனென்ட் ஆனான். நான் கான்ட்ராக்ட்டாகவே இருந்தேன். அவன் சட்டை நீலம், என் சட்டை காக்கி. அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இருந்தது. வெளியே காட்டியதில்லை.

கெட்டவன் இல்லை. தனிக்கட்டை. ஓட்டல் சோற்றில் வயிறு கெட்டுக் கிடந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நாகு கேழ்வரகுக் களியும் அவரைக்காய்ச் சாறும் வைத்தாள். அவன் களி உருண்டையைப் பிட்டு வாயில் போட்டு மென்றான். மென்றுகொண்டே இருந்தான். களியை மெல்லக் கூடாது, சாற்றில் தோய்த்து விழுங்க வேண்டும். அவனுக்குத் தெரியவில்லை. தாடை இரண்டும் ஒட்டிக்கொண்டது.

நாகு சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள்.

"மெல்லாதப்பா. முழுங்கு. எருமையா நீ?"

பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தினேன். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. நான் சிரிக்க வைக்கிற ஆள் இல்லை. வருவேன், தின்பேன், படுப்பேன். கோபமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆசையாகவும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் என் டிபன் கேரியரில் ஒரு தட்டு கூடிவிட்டது. "அந்தப் பையனுக்கு," என்பாள். அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான்தான்.

பிறகு அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. வேப்பனப்பள்ளிப் பக்கம் வேர் கட்டுகிற ஒருவரிடம் போனோம். அங்கே ஒரு வாரம் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஈரல் முடிந்துவிட்டது என்றார்கள். அவளுக்கு முப்பத்தாறு வயது.

நான் பார்த்தது

நான் எதையும் பார்க்கவில்லை.

வெளிச்சம், வழி, இறந்தவர்கள் வருவது, எமன், எதுவும் இல்லை. பாயில் படுத்தேன். அடுத்தது முகத்தில் தண்ணீர். இடையில் ஒன்றும் கிடையாது. தூங்கி எழுந்தால் இவ்வளவு நேரம் தூங்கினோம் என்று உடம்புக்குத் தெரியும். அன்று அதுகூட இல்லை. மெயினை அணைத்துத் திரும்பப் போட்ட மாதிரி.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கரியிலிருந்து புகையும் வாடையும் இல்லாமல் வருகிற விஷக் காற்று என்றார் டாக்டர். செல்லதுரை நர்சிடம் சொன்னான். கௌரம்மாவிடம் சொன்னான். பார்க்க வந்த கம்பெனி ஆட்களிடம் சொன்னான். ஒவ்வொரு தடவையும் நான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

"ஒரு மாந்தோப்புங்க. வெயில் இல்ல, ஆனா வெளிச்சமா இருக்கு. எனக்கு தாகம்னா தாகம். மதினி நின்னாக. சொம்புல தண்ணி குடுத்தாக. குடிச்சேன். 'நீ எதுக்குப்பா இங்க வந்த, போ'ன்னு சொன்னாக. திரும்பினேன். முழிச்சிட்டேன்."

முதல் தடவை கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்தேன்.

ஒரே ரூம். ஒரே டின். இரண்டு பாய்க்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். அங்கே வந்தவள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தண்ணீர் வேண்டாம். போ என்று சொல்லவாவது வந்திருக்கலாம்.

செத்தால் என்ன ஆகும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. உலை வேலையில் அதை யோசித்தால் வேலை செய்ய முடியாது. படுத்திருந்த நாலு நாளும் அதையே யோசித்தேன். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்றால் சரி. முடிந்தது. அங்கே ஒன்று இருந்து, அதில் எனக்கு மட்டும் இடம் இல்லை என்றால் என்ன செய்வது?

ஒரு தடவை மட்டும் அவனிடம் கேட்டேன்.

"என்னைப் பத்தி எதனா கேட்டாளா?"

அவன் என் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"இல்லண்ணே."

பொய்யாக ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன்மேல் எனக்கு மரியாதையும் அப்போதுதான் வந்தது, வெறுப்பும் அப்போதுதான் வந்தது.

கேன்டீன்

வேலைக்குத் திரும்பினோம். கதை எங்களுக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது.

கிரேன் ஓட்டுகிற கோவிந்தராஜுக்கு வாய் நீளம். சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு என் எதிரில் வந்து உட்காருவான்.

"என்னா மாதப்பா, பொண்டாட்டி உன்து. தண்ணி குடிச்சது அவனா?"

இன்னொரு நாள், "உசுரோட இருக்கச்சே களி. செத்தப்புறம் தண்ணி. குடுத்து வெச்சவன்பா செல்லதுரை. நீ என்னாபா பாத்த? கரிய பாத்தியா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் தின்றுவிட்டு எழுந்து போவேன். செல்லதுரை ஒரு நாள் கோவிந்தராஜின் சட்டையைப் பிடித்துவிட்டான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் பெண்டாட்டிக்காக இவன் ஏன் சட்டையைப் பிடிக்கிறான் என்றுதான் தோன்றியது.

அவனோடு பேசுவதை விட்டேன். ஒரே ஷிப்ட். உலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். கையால் ஜாடை காட்டிக்கொள்வோம். வேலைக்கு அது போதும்.

மனசு சும்மா இருக்காது. பழையதைக் கிளறும். நான் மத்தியான ஷிப்ட் போன நாட்களில் இவன் வீட்டுப் பக்கம் வந்தானா? பூ வாங்கி வந்தானே ஒரு தடவை, அது யாருக்கு? அது சாமிக்கு என்று எனக்கே தெரியும். நாகு அதைப் படத்துக்குப் போட்டதை நானே பார்த்தேன். ஆனாலும் கிளறும். செத்தவளைச் சந்தேகப்படுகிறவனுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. அவன் இஷ்டத்துக்குச் சந்தேகப்படலாம்.

எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்த முடியவில்லை.

ரோட்டில் போட்ட கேழ்வரகு

மாசி மாதம். ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அரை ஏக்கர் காடு உண்டு. அதில் விளைந்த கேழ்வரகைத் தார் ரோட்டில் பரப்பியிருந்தேன். எங்கள் பக்கம் அப்படித்தான். பஸ்ஸும் லாரியும் மேலே ஓடிக் கதிரை அடித்துக் கொடுக்கும். நாம் நடுநடுவே புரட்டிவிட்டால் போதும்.

பத்து மணி பஸ் நின்றது. செல்லதுரை இறங்கினான்.

ஓரத்தில் கிடந்த இன்னொரு கவைக் கம்பை எடுத்துக்கொண்டு அவனும் புரட்ட ஆரம்பித்தான். லாரி வந்தால் இருவரும் ஒதுங்குவோம். போனால் இறங்குவோம். இப்படி ஒரு மணி நேரம் போனது.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். சொன்னதுக்கப்புறம் அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

கம்பை ஊன்றிக்கொண்டேன். நான் கிளறியதெல்லாம் நிஜமாகப் போகிறது என்று நினைத்தேன்.

"ஆஸ்பத்திரில மதினி கடைசியா இருந்த அன்னைக்கு, நீங்க மருந்து வாங்க கீழ போனீகளே."

போனேன். மருந்துக்கு வரிசை நீளம். திரும்பி வந்தபோது நாகு இல்லை. செல்லதுரை கட்டிலோரம் நின்று அழுதுகொண்டிருந்தான். வெளியூரில் இருந்த எங்கள் மகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம், அவளும் வந்து சேரவில்லை. கடைசியாக நாகு கண்ணில் பட்ட முகம் இவனுடையது. அந்த இரண்டு வருஷமும் அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

"தண்ணி கேட்டாக அண்ணே."

நாகு அன்று காலையிலிருந்தே தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம்தான் கேட்டாள். வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார்கள். நான் அதிகம் படிக்காதவன். படித்தவர்கள் சொன்னால் கேட்கிறவன். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். அவள் பஞ்சை உறிஞ்சினாள். இன்னும் என்றாள். பஞ்சை எடுத்துவிட்டேன்.

"நீங்க போனதும் என்னையப் பாத்து கேட்டாக. நான் குடுக்கக் கூடாதுன்னேன். 'ஒரு வாய்'ன்னாக. என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியலண்ணே. பாட்டில் மூடியில ஊத்தி ரெண்டு வாய் குடுத்துட்டேன். குடிச்சாக. என் கையப் புடிச்சாக. அப்புறம் பத்து நிமிஷம்தான்."

ஒரு டெம்போ ஹாரன் அடித்தது. ஒதுங்கினோம். அது போனது.

"நான் குடுத்த தண்ணியாலதான் போயிட்டாகளோன்னு ரெண்டு வருசமா கெடந்து சாகுறேன். இன்னொன்னு, கடைசித் தண்ணி புருசன் ஊத்தணும், புள்ள ஊத்தணும். அத நான் எடுத்துக்கிட்டேன். அதனாலதான் அன்னைக்கு எனக்கு அப்படித் தோணிருக்கும். நீங்க சொல்லுங்க, நாளைக்கே கேன்டீன்ல வச்சு, நான் பாத்தேன்னு சொன்னதெல்லாம் பொய்னு சொல்லிர்றேன். உங்களைப் பேசுறது நிக்கும்."

கேழ்வரகைப் புரட்டினேன். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை புரட்டினேன். அவன் அதே இடத்தில் நின்றான்.

அவன் எதையும் திருடவில்லை. அவள் முதலில் கேட்டது என்னிடம். நான் கொடுக்கவில்லை. அவன் கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. அவன் பொய் என்று சொல்லிவிட்டால் கோவிந்தராஜின் வாய் அடைபடும். ஆனால் மாந்தோப்பும் போய்விடும். பிறகு அவளுக்கும் நான் பார்த்ததுதான். மெயினை அணைத்த இருட்டு. அதற்குள் அவளை நானே தள்ள வேண்டும்.

"தண்ணியால ஒண்ணும் ஆகல," என்றேன். "போற உசுரு போச்சு. வறண்ட வாயோட போவாம போச்சு."

அவன் ரோட்டோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். பதர்த் தூசி தலையெல்லாம்.

"கேன்டீன்ல?"

"ஒண்ணும் சொல்லாத. பாத்தது பாத்ததாவே இருக்கட்டும்."

ஒரு பதில்

மறுநாள் கோவிந்தராஜ் தட்டோடு வந்து உட்கார்ந்தான்.

"என்னா மாதப்பா, நேத்து உன் வூட்டுக்கு செல்லதுரை வந்தானாமே. அந்தம்மா எதனா சொல்லி அனுப்ச்சா?"

இரண்டு மாதம் வாயைத் திறக்காதவன் அன்று திறந்தேன்.

"அவ வந்தது அவனுக்குத்தான். எனக்கு வரல. அவ கேட்டப்ப தண்ணி குடுத்தவன் அவன். அவனுக்கு வராம கெரேன் ஓட்றவனுக்கா வருவா? சோத்த தின்னு."

மேஜையில் யாரும் சிரிக்கவில்லை. கோவிந்தராஜ் தின்றான். செல்லதுரை இரண்டு மேஜை தள்ளி இருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை.

இதைச் சொன்னதால் நான் பெருந்தன்மைக்காரன் என்று நினைக்க வேண்டாம். சொல்லும்போதே நெஞ்சு எரிந்தது. இன்றும் எரிகிறது.

இப்போது எனக்கு அறுபத்து நாலு. மூட்டு இரண்டும் போய்விட்டது. பல் நாலு இல்லை. நாகுவுக்கு இன்னும் முப்பத்தாறு. ஒரு நாள் நானும் போவேன். மாந்தோப்பு இருந்தால், அவள் அங்கே இருந்தால், இந்தக் கிழவனை அவளுக்கு அடையாளம் தெரியுமா? அவனைத் தெரிந்துகொள்வாள். கையைப் பிடித்தவள். நான் பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி நிற்க வேண்டியிருக்கும்.

செல்லதுரை ஊரோடு போய்விட்டான். கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள், லேத் பட்டறை. பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவான். குழந்தைகளைப் பற்றிச் சொல்வான். என் முட்டியை விசாரிப்பான். அப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம்.

அந்த நேரத்தில் ஒவ்வொரு வருஷமும் எனக்கு வாய் வரை வரும். மறுபடி வந்தாளா, கனவிலாவது வந்தாளா என்று. வந்தாக என்று சொன்னாலும் எனக்குத் தாங்காது. வரவில்லை என்று சொன்னாலும் தாங்காது.

"அங்க மழை உண்டா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.